ராசிகெட்ட ரசிகனும் பானி வெள்ளாடுகளும்

அக்டோபர் 16

குளிர்காலத் தொடர் இன்று ஆரம்பம். இந்த வருடம் நிதானமாக இருப்பேன் என்று மனைவி நெரெய்தாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வயது ஐம்பத்தாறு, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், நான்கு பேர் வணக்கம் சொல்கிற ஆள். பேஸ்பாலுக்காகத் தெருவில் நின்று கத்துவது அழகா?

மூன்றாவது இன்னிங்ஸ் வரை அழகாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு நம் ஆள் ஒருவன், கைக்கு நேரே வந்த பந்தைக் கோட்டைவிட்டான். சிரிலோவின் மூலைக்கடை வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுச் சன்னல் சாத்தப்படுவது தெரிந்தது. சாத்தியது யார் என்று எழுத வேண்டியதில்லை.

எங்கள் ஊர் அணி பானி வெள்ளாடுகள் 2, லா வேகா பிசாசுகள் 9.

மற்ற ஊர்க்காரர்கள் பிசாசு, புயல், முதலை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நம் முன்னோர்கள் வெள்ளாடு என்று வைத்தார்கள். எதிரணி ரசிகன் ‘மே’ என்று கத்தினால் கோபம் வேறு வருகிறது.

அக்டோபர் 29

ஏழு ஆட்டம், ஆறு தோல்வி. இனிமேல் பார்ப்பதில்லை.

அக்டோபர் 30

பார்த்தேன். தோல்வி.

நவம்பர் 21

தொடர்ந்து ஐந்து வெற்றி!

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். முதல் வெற்றியன்று பச்சைச் சட்டை போட்டிருந்தேன், அவரைக்குழம்பு சிந்தியது. சிரிலோ கடையில் ஒரு கால் ஆடுகிற நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து சட்டையைத் துவைக்கவில்லை, நாற்காலியை யாருக்கும் விடவில்லை.

காலையில் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தினேன். “நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது, போன தடவை என்ன விழுந்ததென்று அதற்குத் தெரியாது” என்று கரும்பலகையில் அடிக்கோடு போட்டுச் சொன்னேன். மாலையில் சலவை இயந்திரத்துக்கும் சட்டைக்கும் நடுவே நின்று நெரெய்தாவிடம் கெஞ்சினேன்.

“அது சட்டையில்ல, உரக்குழி” என்றாள்.

டிசம்பர் 3

நெரெய்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதல் கண்ணுக்கு ஒன்பதாம் தேதி அறுவை. அவள் தங்கை மிர்த்தா இருக்கிற லா வேகாவிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு. ஊர் போயும் போயும் லா வேகா! நான் கூடவே போக வேண்டும். போவேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒன்பதாம் தேதி ஆட்டம் இருக்கிறது. சும்மா குறித்து வைக்கிறேன்.

டிசம்பர் 7

பள்ளியில் பரீட்சை மேற்பார்வை, விடுப்பு கிடைக்காது என்று அவளிடம் சொன்னேன். பரீட்சை பதினான்காம் தேதிதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. “சரி, மிர்த்தா பாத்துப்பா” என்று பெட்டி அடுக்கினாள். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். சொல்லியிருக்கமாட்டேன்.

ஒன்பது வெற்றி. நாற்காலி காலியாக இருந்தால் யார் பொறுப்பு?

டிசம்பர் 10

செத்தேன்.

நேற்று தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ‘வெள்ளாடுகளின் விசுவாசமான ரசிகர்கள்’ என்று சிரிலோ கடையை நாடு முழுக்க நேரலையில் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து நம் ஆள் ஹோம் ரன் அடித்தான். நான் நாற்காலி மேல் ஏறி ஆடினேன். இடுப்பை ஆட்டினேன். ஒலிவாங்கியைப் பிடுங்கி மூன்று முறை ‘மே’ என்றேன்.

லா வேகாவில், சகலை கசிமிரோவின் வீட்டில், ஒரு கண்ணில் கட்டோடு நெரெய்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை போன் செய்தாள். கோபம் வந்தால் மட்டும்தான் எனக்கு ‘நீங்க’ போடுவாள்.

“பரீட்ச நல்லா நடந்துச்சா? ஒரு கண்ணாலதான் பாத்தேன். அதுவே போதுமா இருந்துச்சு. நல்லா ஆடினீங்க.”

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். கட்டு பிரிக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

நேற்றைய ஆட்டம் கடைசியில் தோல்வி, அது வேறு.

டிசம்பர் 18

அவள் வரவில்லை. இரண்டாவது கண்ணும் முடிந்த பிறகுதான் யோசிப்பாளாம். எதை யோசிப்பாள் என்று மிர்த்தா சொல்லவில்லை.

வெள்ளாடுகள் தொடர்ந்து ஆறு தோல்வி. சட்டையை நானே துவைத்தேன். பொத்தான் போயிற்று, கறை போகவில்லை.

டிசம்பர் 23

கடைசி நாளில் தொங்கிக்கொண்டு, ஆறு அணிகளில் நான்காவதாக அடுத்த சுற்றுக்குள் நுழைந்துவிட்டோம். நான் பார்க்கவில்லை, பல் வலி. அதுதான் வினையாகிவிட்டது.

இன்று ஆட்டக்காரர்களை இரவல் எடுக்கும் நாள். வெளியேறிய அணிகளின் நல்ல ஆட்டக்காரர்களை, தேறிய அணிகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்ளும். கடையே வானொலி முன் கூடியிருந்தது. முடிதிருத்தும் டாடோ எழுந்து தொண்டையைச் செருமினான்.

“நம்ம கடையும் ஒரு ஆள இரவல் கொடுக்குது. எலிஹியோ வாத்தியார். இவரு பாத்தா நம்ம அணி தோக்குது. அதனால இவர பிசாசுகளுக்கே தாரை வார்த்துடலாம். இவரு அவங்க பக்கம் உக்காந்தா, மிச்சத்த இவரு ராசி பாத்துக்கும்!”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பினால் என் நாற்காலியை சிரிலோ உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தான்.

“சும்மா விளையாட்டுக்குத்தான வாத்தியாரே” என்றான். ஆனால் நாற்காலி திரும்பி வரவில்லை.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்கு நான்கு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. துவரை போட்ட தேங்காய்ச் சாதம் நானே வைத்தேன். அடிப்பிடித்தது. அவளுக்கு மூன்று முறை போன் செய்தேன். ஒரு முறை எடுத்து, “சாப்பிட்டீங்களா?” என்றாள். ‘நீங்க’தான்.

அவள் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுத இவ்வளவு நாளாகியிருக்கிறது.

ஜனவரி 16

நான் பார்க்காததால் அணி இறுதிக்கு வந்துவிட்டது. அறிவியல்! எதிரணி: பிசாசுகள். ஏழு ஆட்டம், நான்கு ஜெயித்தவனுக்குக் கோப்பை. நாங்கள் கோப்பை வாங்கி இருபத்திரண்டு வருடமாகிறது.

ஜனவரி 19

முதல் இரண்டும் தோல்வி. காலையில் கடையிலிருந்து தூதுக்குழு வந்தது. சிரிலோ என் கண்ணையே பார்த்தான்.

“பாத்தீங்களா?”

“சத்தத்த வெக்காமதான் பாத்தேன்.”

டாடோ தலையில் அடித்துக்கொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து லா வேகாவுக்கு பஸ் சீட்டை எடுத்தான். மிச்ச ஆட்டங்களை நான் சகலை வீட்டில், பிசாசு ரசிகர்கள் நடுவே உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

“அப்படியே அக்காவயும் சமாதானம் பண்ணிடுங்க” என்றான், ஏதோ வழியில் ரொட்டி வாங்கி வரச் சொல்வதுபோல.

ஒரு மாதமாக அந்த பஸ் நிலையம் வரை போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். தைரியம் வரவில்லை. இப்போது சாக்குக் கிடைத்தது. வெட்கங்கெட்ட சாக்கு, ஆனாலும் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன்.

ஜனவரி 20

லா வேகா. ஒரு டப்பா பால் இனிப்போடு வாசலில் நின்றேன்.

“எதுக்கு வந்தீங்க?” என்றாள்.

“உன்னப் பாக்கத்தான்.”

உண்மைதானே? பாதி உண்மை. அவள் நம்பினாளா தெரியவில்லை, உள்ளே விட்டாள். சகலை கசிமிரோ பிசாசுகளின் சிவப்புச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தான். “என் வீட்டு டிவி வேணும்னா இதப் போடு சகலை.” போட்டேன். என் தோல் எரிந்தது.

வெள்ளாடுகள் 5, பிசாசுகள் 3. சந்தோஷத்தை வெளியே காட்டாமல் இருக்க உதட்டைக் கடித்துக் காயம்.

ஜனவரி 22

மறுபடி வெற்றி! இரண்டுக்கு இரண்டு. “பாவம் அத்தான், அவரு அணி ஜெயிச்சும் நமக்காக மூஞ்சத் தொங்கப் போட்டிருக்காரு” என்று மிர்த்தா எனக்குப் பெரிய துண்டு கோழி வைத்தாள். என்னைவிடக் கேவலமான மனிதன் இந்தத் தீவில் இருந்தால் காட்டுங்கள்.

நெரெய்தாவின் இரண்டாவது கண்ணுக்குத் தேதி கிடைத்துவிட்டது. 27. ஏழாவது ஆட்டம் நடந்தால் அதுவும் 27.

கடவுளுக்கும் என்மேல் ஏதோ கடுப்பு.

ஜனவரி 24

மாலையில், “பூங்கா வரைக்கும் நடந்துட்டு வரலாமா?” என்றாள். ஆட்டம் தொடங்க பத்து நிமிடம். போனேன். முதல் கண் தெளிந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் நிறம் வந்துவிட்டதாம். மாதா கோயில் சுவர் மஞ்சள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாளாம், வெள்ளையாம். சிரித்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வெள்ளாடுகள் தோல்வி. 0-8.

ஜனவரி 25

சமையலறையில் அவள் வாழைக்காய் மசித்துக்கொண்டிருந்தாள். போனில் சிரிலோவின் குரல் பதிவு. கை தவறி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன்.

“யோவ் வாத்தியாரே! நேத்து எங்கய்யா போன? உன்ன எதுக்கு அங்க அனுப்பி வச்சோம்? கோப்பை கைக்கு வர்ற வரைக்கும் அந்த டிவிய விட்டு அசையாத. அதுக்கப்புறம் பொண்டாட்டியக் கவனிச்சுக்கலாம்!”

மத்து நின்றது. அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சகலை வந்து என் உடம்பிலிருந்து சிவப்புச் சட்டையைக் கழற்றினான். “என் வீட்டுக்குள்ளயே செய்வினையா சகலை?” என்று கேட்டான். சாயங்காலம் என்னைக் கொல்லைப்புறத்தில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தான்.

நான் பார்க்காமலே வெள்ளாடுகள் 1-0. மூன்றுக்கு மூன்று. இப்போது என் ராசி எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று இரண்டு ஊரிலும் யாருக்கும் புரியவில்லை. நாணயத்தைக் கேட்டால் அதற்கும் ஞாபகமில்லை.

ஜனவரி 26

கதவைத் தட்டினேன். உள்ளே விட்டாள்.

“ஒரே கேள்வி. எனக்காக வந்தீங்களா, ஆட்டுக்காக வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்” என்றேன். பொய் சொல்லிச் சலித்துவிட்டது. “தனியா உனக்காக வரத் தைரியமில்ல. மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்துவியோன்னு பயம். அவங்க டிக்கெட் குடுக்கலேன்னா இன்னும் பஸ் ஸ்டாண்ட்லதான் நின்னுட்டிருப்பேன்.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“போன தடவ மயக்க மருந்து கொடுக்குறதுக்கு முன்னாடி நர்ஸ் கேட்டா, கூட யாரு வந்திருக்காங்கன்னு. புருஷனுக்குப் பரீட்சன்னு சொன்னேன். பாவம்மா அவருன்னு வேற சொன்னேன்.”

அழுதேன், அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாளா தெரியாது.

ஜனவரி 27

சிரிலோவிடமிருந்து பதினேழு அழைப்பு. டிவி முன்னால் உட்காரச் சொல்லி. போனை அணைத்தேன்.

மதியம் அறுவை. நர்ஸ் வெளியே வந்து, “நெரெய்தாவோட யாரு வந்திருக்கீங்க?” என்று கேட்டாள். வகுப்பில் பையன்கள் கை தூக்குவதுபோல் தூக்கினேன்.

ஐந்து மணிக்கு வீடு. பின்னறையில் படுக்க வைத்தோம். இந்தத் தடவை கட்டு இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து, அந்த வேலை எனக்கு. முன்னறையில் ஏழாவது ஆட்டம், தெருவே கூடியிருந்தது. கத்தினால் பிசாசுகளுக்கு ரன். அமைதியானால் நமக்கு. முதலில் கத்தல், பிறகு அமைதி, பிறகு பெரிய அமைதி. கசிமிரோ எதையோ உதைத்தான். நாம் முன்னிலை! எட்டாவது இன்னிங்ஸ் முழுக்க யாரோ ஜெபம் சொன்னார்கள்.

“போய்ப் பாருங்க, நான் தூங்குறேன்” என்றாள்.

“சொட்டுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

“நாலு நிமிஷத்துல திரும்பி வந்துடுவீங்களா?”

“மாட்டேன். அதனாலதான் போகல.”

சொட்டு விட்டுக்கொண்டிருந்தபோது வீடே இடிந்தது. தெரு முழுக்கச் சட்டிகளைத் தட்டினார்கள். மருந்துக் குப்பியைக் கீழே போடவில்லை, அதை மட்டும் என் பெருமையாக எழுதி வைக்கிறேன்.

“தோத்துட்டீங்களா?”

“ஆமா.”

“அழுறியா?”

“இருட்டுல உனக்கு என்ன தெரியுது?”

“நல்ல கண்ணு இந்தப் பக்கந்தான் இருக்கு” என்றாள்.

ஜனவரி 30

பள்ளிக்காக நான் மட்டும் பானி வந்தேன். கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்: ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. டாடோ எழுந்து நின்றுவிட்டான்.

“பாக்கவே இல்லியா? அங்க உக்காந்துட்டுப் பாக்கல, அதனாலதான்யா தோத்தோம்!”

ஆக, பார்த்தாலும் தோல்வி, பார்க்காவிட்டாலும் தோல்வி. சிரிலோ நாற்காலியைக் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே ஒரு பீர் குடித்துவிட்டு வந்தேன். வீட்டைப் பெருக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 2

நெரெய்தா வந்துவிட்டாள்.

பெட்டியைக்கூட இறக்கவிடவில்லை, வீட்டைச் சுற்றி வந்தாள். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, மின்விசிறியில் தூசி, எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சன்னல் வெளிச்சத்தில் என்னை நிறுத்தினாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். தாடை, கண்ணுக்குக் கீழே, கழுத்து, ஒன்றையும் விடாமல் விரலால் தொட்டாள்.

“இவ்வளவு வயசாயிடுச்சா உனக்கு?”

“எல்லாம் இந்த ஒரு சீசன்ல வந்தது” என்றேன்.

“இல்ல. ரொம்ப நாளா இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல” என்றாள். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.