கோயிலில் துள்ளிய கை

தோழி, நாளை ஆஸ்பத்திரியில் தங்கப் போகிறேன். பை அடுக்கும்போது, போன மாதம் கோயிலுக்குக் கட்டிய சேலை கையில் பட்டது. இன்னும் கற்பூரம் மணக்கிறது.

அன்று தீபாராதனை நேரம் என் இடது கை துள்ளியது. முகமும் ஒரு பக்கம் இழுத்தது. ஒரு கணம்தான், ஆனால் திரும்பத் திரும்ப வந்தது. நல்ல காரியங்களில் விதவையென்று என்னைத் தள்ளி நிற்கவைக்கும் எங்கள் குண்டசாலை ஊர்ப் பெண்கள் என் காலில் விழுந்தார்கள். "தாயி, மகனுக்கு கட்டார் விசா கெடைக்குமா?" என்றாள் ஒருத்தி. கொன்வென்டில் படித்து, ஆயுள் முழுக்க ஆங்கிலம் கற்பித்த எனக்குச் சாமி வந்ததாம்! நீ இருந்திருந்தால், "குறி சொல்றதுன்னா கிராமர் பிழையில்லாம சொல்லுடி" என்றிருப்பாய்.

நீ விஞ்ஞான ஆசிரியை. விடைத்தாள் திருத்தும்போதுகூட மூளையைப் பற்றித்தான் பேசுவாய். ஒரு நரம்புக் கலம் குளுட்டமேட் என்ற இரசாயனத்தை வெளிவிடும், அடுத்த கலத்திலுள்ள 'வாங்கி' என்ற புரதம் அதைப் பிடித்துத் திறந்துகொள்ளும், செய்தி கடக்கும். "வாங்கி தனியா நிக்காதுடி. துணைப் புரதங்கள் அதைப் பிடிச்சு வச்சிருக்கணும்." நான், "சரிங்க மிஸ், பேப்பரைத் திருத்துங்க" என்பேன்.

கண்டியில் இரத்தம் சோதித்த மருத்துவர் இப்போது அதையே சொல்கிறார். அந்தத் துணைப் புரதங்களில் ஒன்றை என் உடலே பகையென்று தாக்குகிறதாம். பிடி தளர்ந்து வாங்கிகள் குறைய, செய்தி குழம்புகிறது. கை துள்ளுவதும் ஞாபகம் நழுவுவதும் அதனால்தான். மருந்து ஏற்றினால் குணமாகலாம். போன ஞாபகம் திரும்புமா என்று கேட்டேன். "பார்ப்போம் அம்மா" என்றார். இப்படியொரு பதிலை நான் மாணவிகளிடம்கூட ஏற்றதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "அவளுக்குப் போன்ல ஒரு கோல் எடு. அவ சொன்னாத்தான் எனக்கு விளங்கும்" என்று உன் பெயரைச் சொன்னேன்.

மகள் போனைக் கீழே வைத்தாள். "அம்மா... ஆன்ட்டியோட செத்த வீட்டுக்கு நீங்கதானே மொத ஆளாப் போனீங்க?"

அந்த வீட்டை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளைக்கொடி, பெட்டி, கடைசியாகப் பார்த்த உன் முகம், எதுவும் வரவில்லை.

துணைப் புரதம் எப்படிப் பிடிக்கும் என்று இரு கை விரல்களையும் கோத்துக் காட்டுவாயே, அது மட்டும் இருக்கிறது. நீ இறந்தது மறந்துபோனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நாளைக்குள் இதுவும் போய்விடுமோ என்று, மகள் பார்க்காத நேரத்தில் நானும் விரல்களைக் கோத்துக் கோத்துப் பார்க்கிறேன்.