நீல ஸ்பானர் உடைந்த விதம்

மார்ச் 3, செவ்வாய்

மேனேஜர் இன்று கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். பணிமனையில் இருக்கும் ஸ்பானர், திருப்புளி, கட்டிங் பிளேயர் எல்லாம் பல்லிளித்துவிட்டன. மொத்தமாக மாற்றப் போகிறார்களாம். மூன்று கம்பெனிச் சாமான்களை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்து, தரம் எப்படி, விலை எப்படி, உடைந்தால் ஒழுங்காக மாற்றித் தருகிறார்களா என்று நான் அறிக்கை எழுத வேண்டும். "நீங்க எதைச் சொல்றீங்களோ அதைக் கண்ணை மூடிட்டு வாங்கிடுவேன்" என்றார். ஸ்டோர்ஸ் பொறுப்பு காலியாகப் போகிறது, அதையும் மனதில் வைத்திருக்கிறாராம்.

பம்பு ரிப்பேரில் எனக்கு இருபத்திரண்டு வருடம். இங்கே என் பெயர் 'தராசு'. ஒரு வாஷர் வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவன் என்று ரேடியோ வைத்த பெயர். (ரேடியோவும் பட்டப்பெயர்தான், ஆள் மோட்டார் வைண்டிங் செக்‌ஷனில் இருக்கிறான். வாயை மூடத் தெரியாது.) கேலிக்கு வைத்ததுதான். ஆனால் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். வீட்டில்கூடச் சொன்னதில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மூன்று பெட்டிகளும் வந்துவிட்டன. சிவப்புப் பெட்டி, மஞ்சள் பெட்டி, நீலப் பெட்டி. கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, நிறத்தையே பெயராக்கிவிட்டோம்.

மஞ்சள் விலை குறைவு. பளபளப்புக்குக் குறைச்சலே இல்லை. துருப்பிடித்த நட்டில் போட்டு மூன்றாவது திருப்பிலேயே ஸ்பானர் வாய் விரிந்துவிட்டது. திருப்புளி முனை முறுக்கிக்கொண்டது. சிவப்பு நல்ல எஃகு. அரம் வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் விலை மஞ்சளைப் போல மூன்று பங்கு. நீலம் நடுவில் நிற்கிறது. சிவப்புக்கு ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவுதான். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 'ஆயுள் முழுக்க உத்தரவாதம்'.

"யாரோட ஆயுள்?" என்று ரேடியோ கேட்டான். "ஸ்பானரோட ஆயுள்னா, உடைஞ்ச அன்னைக்கே அது முடிஞ்சு போச்சே!"

மார்ச் 12, வியாழன்

உத்தரவாதத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் உடைந்த சாமான் வேண்டும். சிவப்பும் நீலமும் லேசில் உடைவதாக இல்லை. மேசையோடு பொருத்திய வைஸில் ஒரு பெரிய போல்ட்டைப் பிடித்து, ரிங் ஸ்பானரை மாட்டி, அதன் பிடியில் மூன்றடி இரும்புப் பைப்பைச் சொருகி, நானும் ரேடியோவும் தொங்கினோம். முதலில் சிவப்பு உடைந்தது. பிறகு நீலம். 'டக்'கென்று ரிங் விண்டு கையோடு வந்தது. ரேடியோ பின்பக்கமாக விழுந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பைப் போட்டுத் திருப்பினால் உத்தரவாதம் செல்லாது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருக்கிறது. படித்தேன். சோதனைதானே.

மார்ச் 14, சனி

மூன்று இடத்துக்கும் போய் வந்தேன். மஞ்சளின் சர்வீஸ் நம்பர் உபயோகத்தில் இல்லை. விற்ற கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிவப்பில் பில், பெட்டி, போட்டோ எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு, பதினைந்து நாளில் பதில் வரும் என்றார்கள்.

நீலத்தின் சர்வீஸ் சென்டர் ஒரு சின்ன அறை. ஒரே ஒரு கவுன்ட்டர், அதன் மேல் உடைந்த சாமான்களைப் போடுகிற தகரத் தட்டு. கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஓர் அம்மா, என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். படிவத்தை எடுத்து, "எப்படி உடைஞ்சுதுண்ணா?" என்று கேட்டார்.

"சாதாரணமா நட்டு கழட்டும்போதுங்க."

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அது பாட்டுக்கு வந்துவிட்டது.

அவர் ஸ்பானரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கவுன்ட்டர் மேல் இருந்த என் கைகளைத்தான் பார்த்தார். கருப்பேறிய நகம், கட்டைவிரலில் பழைய தழும்பு. "வேலை செய்யற கைன்னு பாத்தாலே தெரியுதே. நான் சாமானைப் பாக்கறதில்லைண்ணா, கையைத்தான் பாப்பேன். பதினொரு வருஷமா ஒரு தப்பு வந்ததில்லை" என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டுப் புது ஸ்பானரைக் கொடுத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மார்ச் 16, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. வாங்க வேண்டியது நீலம். 'உத்தரவாதச் சேவை: மிகச் சிறப்பு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டான். "நம்ம தராசு போய் முழுப் பொய் சொல்லியிருக்காருப்பா, அதுக்கும் மாத்திக் குடுத்துட்டாங்க. இதைவிட நல்ல சர்வீஸ் எங்க கிடைக்கும்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 24, செவ்வாய்

நீலக் கவுன்ட்டர் அம்மாவிடமிருந்து போன். படிவத்தில் நம்பர் எழுதியிருந்தேன்.

"அண்ணா, நீங்க குடுத்த ஸ்பானரை ஹெட் ஆபீஸ்ல பாத்துட்டு, பைப் போட்டு உடைச்சதுன்னு சொல்றாங்க. நான் இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன். எப்படி உடைஞ்சுதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்ணா. முடிஞ்சா பணிமனை லெட்டர்ல."

இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன்.

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அப்போதே சொல்லியிருக்கலாம். போனில்தானே, முகம்கூடத் தெரியாது. அதற்கும் வாய் வரவில்லை.

மார்ச் 25, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'அன்றாட வேலையின்போது இயல்பாக உடைந்தது.' கீழே என் கையெழுத்து, பணிமனை முத்திரை. அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப நன்றிண்ணா. எனக்குத் தெரியும்" என்றார்.

என்னம்மா தெரியும் உனக்கு.

மார்ச் 26, வியாழன்

அவருக்கு உதவிதானே செய்தேன்? அவர்தானே கேட்டார்? யாரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மொத்த ஆர்டருக்கு விலைப் பட்டியல் வாங்கிவர என்னையே அனுப்பினார்கள். கவுன்ட்டரில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எங்கே என்றேன். "அவங்க வேலைக்கு வரக் கூடாதுன்னு நிறுத்தி வச்சிருக்காங்க. செவ்வாய்க்கிழமை விசாரணை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஸ்பானர் பிடியில் பைப்பின் விளிம்பு பதிந்த தடம் தெளிவாக இருக்கிறதாம். அது தெரிந்தும் யாரிடமோ பொய்க் கடிதம் எழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறார், வெளி ஆட்களோடு கூட்டு, உடைந்ததைக் கொடுத்துப் புதுசை வெளியே விற்கிறார்கள் என்று பேச்சாம். "பாத்தா அப்படித் தெரியாதுங்க, நல்ல மாதிரிதான் இருந்தாங்க."

அந்தப் பொய்க் கடிதம் எழுதினவன் எதிரில் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது. பட்டியலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பட்டியலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்! ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சோதனைக்காகத்தான் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்று நான் பூசி மெழுகிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"ஸ்பானரை உடைச்சது சோதனைக்கு. சரி. பொய் சொன்னது எதுக்குங்க?"

மடித்த துணியைத் தள்ளி வைத்தாள்.

"அந்தம்மா வீட்டுல யார் சம்பாதிக்கறாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கு. இன்னைக்கு என்னவெல்லாம் யோசிச்சேன்னு எழுதறேன், அப்பவாவது புத்தி வருதா பாப்போம். ரேடியோதான் எனக்குத் தெரியாம பைப் போட்டான்னு சொல்லிடலாமா — யோசிச்சேன். உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுட்டு, செவ்வாய்க்கிழமை தாண்டினதும் ஒண்ணும் தெரியாத மாதிரி — அதையும் யோசிச்சேன். இத்தனைக்கும் நான் தராசு! சீ.

ஏப்ரல் 6, திங்கள்

முத்திரை பணிமனையுடையது. அதனால் முதலில் மேனேஜரிடம் சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்களா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மேசை மேல் இருந்த என் அறிக்கையை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். நான் அடிக்கோடு போட்ட பக்கம்தான் மேலே இருந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

விசாரணைக்குப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு அதிகாரிகள். இந்தப் பக்கம் அந்த அம்மா, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி. என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவருக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "இவர்தான் சார், அந்த லெட்டர் குடுத்தவர்" என்றார்.

பைப் போட்டுத்தான் உடைத்தேன் என்றேன். கவுன்ட்டரில் சொன்னதும் பொய், கடிதத்தில் எழுதியதும் பொய், இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பிறகு எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வராந்தாவுக்கு அந்த அம்மா வந்தார். மன்னிச்சிடுங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். முந்திக்கொண்டார்.

"டெஸ்ட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா புதுசாவே ரெண்டு குடுத்து அனுப்பியிருப்பேனே. பணிமனைக்காரங்க உடைச்சுப் பாக்கறதுக்குன்னே தனியா ஒரு பெட்டி வச்சிருக்கோம். கவுன்ட்டருக்குக் கீழேயே இருந்துச்சு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் குறுகிப்போய் நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஸ்டோர்ஸ் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தான். ரேடியோ என் பக்கம் வருவதில்லை. அவனும் என்னோடு பைப்பில் தொங்கினவன்தானே என்று பயமாக இருக்கலாம். அவனை நான் எங்கும் சொல்லவில்லை.

என்னைத் தராசு என்று யாரும் கூப்பிடுவதில்லை. 'பைப்பு' என்கிறார்கள். "பைப்பண்ணே, அந்தச் சுத்தியலை எடுங்க" என்றான் ஒருவன். எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 22, புதன்

கவுன்ட்டர் அம்மாவை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம், எச்சரிக்கைக் கடிதத்தோடு. ரேடியோ வந்து சொன்னான். தானாக வந்து பேசினான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினேன். மனசு நெகிழ்ந்துபோய் அழுகை வந்துவிட்டது, சத்தியமாக.

மே 5, செவ்வாய்

மேனேஜர் வேறு ஆளை வைத்து மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவர் அந்தத் தனிப் பெட்டியைக் கேட்டு வாங்கிவந்து சோதித்தாராம். முடிவு அதே நீலம்தான். இன்று சாமான்கள் வந்து இறங்கின.

அப்படியானால் அந்தப் பொய்யால் எனக்கு ஆனது என்ன? ஒன்றுமே இல்லை. வேண்டாத இடத்தில் சொன்ன பொய். அது இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

ஒரு நீல ரிங் ஸ்பானர் என் கையிலேயே உடைந்தது. பைப் இல்லை, சுத்தியல் இல்லை. நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், விண்டுவிட்டது. உடைந்த வாயில் கடுகளவு குழி. வார்க்கும்போதே விழுந்த காற்றுக்குமிழ். யார் பார்த்தாலும் தெரியும். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "நீங்கதானே உடைச்சீங்க, நீங்களே போங்க" என்றார்.

அதே அறை. அதே தகரத் தட்டு. கவுன்ட்டரில் புதிதாக ஒரு விளக்கு, அதோடு சேர்ந்த பெரிய பூதக்கண்ணாடி. எனக்கு முன்னால் ஒரு குழாய்க்காரர் நின்றிருந்தார், விரலெல்லாம் காய்ந்த சிமெண்ட். அவர் கொடுத்த ரெஞ்சைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து நாலு பக்கமும் திருப்பினார் அந்த அம்மா. "பைப் கிய்ப் போட்டீங்களா?" என்று கேட்டார். குழாய்க்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா, இத்தனை வருஷமா வர்றேன், என்னைப் போய்க் கேக்கறீங்க?" என்றார். இப்போது எல்லாரையும் கேட்கிறோம் என்றார் அம்மா.

என் முறை வந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எப்படி உடைஞ்சுது சார்?"

"சாதாரணமா நட்டு கழட்டும்போதுங்க."

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகள். இது நிஜம் என்று சேர்த்துச் சொல்ல ஆசைப்பட்டேன். எந்த முகத்தோடு சொல்வது?

விளக்கைப் போட்டார். பிடியை முழுக்கப் பார்த்தார், பிறகு உடைந்த வாயை, பிறகு மறுபடியும் பிடியை. ரொம்ப நேரம் பார்த்தார். சீட்டு எழுதிக் கட்டி, தட்டில் போட்டார். "ஹெட் ஆபீஸ் பாத்துட்டுச் சொல்லுவாங்க. பதினஞ்சு நாள் ஆகும் சார்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். வந்ததிலிருந்து இரண்டு கையையும் கவுன்ட்டர் மேல் விரித்து வைத்தபடியே நின்றிருக்கிறேன். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.