கம்பைலர் விடாத வரி

12.8.1997

ஆபீஸ் மெஷின் ஏன் அடிக்கடி ஹேங் ஆகிறது என்று இன்று தெரிந்துவிட்டது. புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலேயே தெரிந்தது. தூக்கம் வரவில்லை.

மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளான எங்கள் கெர்னலின் நெட்வொர்க் பகுதியில், மற்ற மெஷின்களின் முகவரிகள் எல்லாம் வெறும் எண்கள். கேபிளில் போகும்போது அந்த எண்ணின் துண்டுகளான பைட்டுகள் ஒரு வரிசை, மெஷினுக்குள் நேர் எதிர் வரிசை. எது எந்த வரிசை என்று நாங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து சீட் சல்மா இரண்டையும் தனித்தனி டைப்பாக, கம்பைலர் பிரித்தறியும் வகைகளாக, மாற்றினாள். "இனிமே ஒண்ணு இடத்துல இன்னொண்ணை வெச்சா கம்பைலரே விடாது" என்றாள். வெள்ளிக்கிழமை கிண்டி கஸ்டமருக்குக் கொடுக்கணும், இப்போ இது தேவையா என்று எரிந்து விழுந்தேன்.

நாங்கள் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் அந்தக் கம்பைலரிடம் கொடுத்ததும் திரை முழுக்கப் பிழைகள். பெரும்பாலும் மாற்ற மறந்த இடங்கள். ஒன்று மட்டும் நிஜமான தப்பு. யாருமே சந்தேகப்படாத ஃபைலில், முகவரியின் பைட்டுகளைத் திருப்பிப் போடாமலே ஒப்பிட்டிருந்தோம்; மெஷின் ஹேங் ஆனது அதனால்தான். சல்மாவும் நானும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராத்திரி வீட்டில், "சாதத்தைப் பிசைஞ்சுண்டே உக்காந்திருக்கியே, என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"மெஷின் சரியாயிடுத்தும்மா."

விஷயம் அது இல்லை. நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட், ஒரு தகவல் பொட்டலம்கூட ஓடவில்லை. அதற்குள் கம்பைலருக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் செய்ததெல்லாம் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்ததுதான்.