அளவுக்கு நின்றவள்

கோவில்பட்டி
12.1.2025

சுசீலாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். போனில் பேசினால் நாலாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் கடிதமே மேல் என்று எழுதுகிறேன்.

விஜயன் இறந்த செய்தி உனக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் ஓவர்சியராக எத்தனை வருஷம் இருந்தவன். அவன் மகன் நந்தகுமார், வீட்டில் கிடந்த பழைய பாலப் படங்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறான். ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து அந்தமானின் பழைய சாலைப் பாலங்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறோம். மற்ற படங்களுக்கெல்லாம் இடம் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்றே ஒன்று பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. கல் தூண், இரும்பு உத்தரம், மேலே மரப்பலகை. வெள்ளைக்காரன் காலத்து வேலை. இதோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நீ அந்தமானிலேயே இருப்பதால் யாரிடமாவது காட்டி எந்தப் பாலம் என்று விசாரித்து எழுதவும்.

புத்தக வெளியீடு அங்கேதான். அதற்கு வரும்போது உன்னையும் கையோடு இங்கே அழைத்து வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கு. குழந்தைவேலு
உதவிப் பொறியாளர், ஓய்வு


டாலிகஞ்ச்
27.1.2025

அன்புள்ள ஷோபனா அப்பாவுக்கு,

சுசீலா எழுதிக்கொண்டது. இங்கே நானும் கார் நிக்கோபாரில் நம் மகளும் சௌக்கியம். ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்தால் பொங்கலுக்கு வருகிறேன் என்றாள், கிடைக்கவில்லை. தண்ணீர் வழக்கம்போல மூன்று நாளைக்கு ஒரு தரம். கட்டின பெண்டாட்டிக்குப் பதவியைப் போட்டுக் கையெழுத்து வைக்கிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான்.

ரிட்டயர் ஆனதும், ஊரில் வீட்டைக் கட்டி முடித்துக் கூப்பிடுகிறேன் என்று போனீர்கள். ஆறு வருஷம் ஆயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு எனக்கு வந்தது போட்டோதான். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இருந்தும் உங்கள் கடைசி வரியைப் படித்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலம் கழித்து இதை எனக்கு அனுப்ப வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே. எந்தப் பாலம் என்று நிஜமாகவே கேட்கிறீர்களா, இல்லை விளையாடுகிறீர்களா? விளையாட்டு என்றால் எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு. பெரார்கஞ்ச் தாண்டி என்று நினைவு. போய்ப் பார்த்து எழுதுகிறேன். அதற்குள் நீங்களும் படத்தை இன்னொரு தரம் நன்றாகப் பாருங்கள்.

அன்புடன்,
சுசீலா


கோவில்பட்டி
9.2.2025

சுசீலாவுக்கு,

விளையாட எனக்கு ஏது நேரம்? பெரார்கஞ்ச் என்று நீ சொல்வது சரியாக இருக்கலாம். உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது.

படத்தில் தூணை ஒட்டி ஒரு பெண் நிற்கிறாள். அந்த நாளில் பாலத்தைப் படம் எடுக்கும்போது உயரம் தெரியட்டும் என்று யாரையாவது பக்கத்தில் நிறுத்துவோம். பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவளாக இருக்கும். அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். தூண் அவளைப் போல இரண்டரை மடங்கு உயரம். நெடுநெடுவென்ற பெண்ணாகத் தெரிகிறாள். ஐந்தடி நாலு அங்குலம் என்று வைத்தால் தூண் பதிமூன்றடி நாலு அங்குலம் வருகிறது. பாலம் இன்னும் இருந்தால் தூணை அளந்து எழுது.

நீ சொன்னபடி படத்தை நன்றாகப் பார்த்தேன். உத்தரத்தில் ரிவெட் ஆணிகள் இரட்டை வரிசை. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கு. குழந்தைவேலு
உதவிப் பொறியாளர், ஓய்வு


டாலிகஞ்ச்
2.3.2025

அன்புள்ள ஷோபனா அப்பாவுக்கு,

பெரார்கஞ்ச் போய் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீக்கடையில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் வங்காளி. "புரானா புல்? வோ தோ பூகம்ப் மே கிர் கயா, தீதி" என்றார். சுனாமி வந்த அன்று காலையில் பூமி குலுங்கியதே, அதில் பழைய பாலம் விழுந்துவிட்டதாம். புதுப் பாலத்துக்குப் பக்கத்தில், பாக்குத் தோட்டத்து ஓரமாக, ஒரே ஒரு கல் தூண் மட்டும் பாசி பிடித்து நிற்கிறது.

இந்த மூட்டுவலியோடு ஓடைக்குள் இறங்கினேன். கடைக்காரர் பாவம், கூடவே இறங்கி மூங்கில் கழியைத் தூணில் சாத்திப் பிடித்துக்கொண்டார். கழியில் அடையாளம் போட்டு, என் தையல் டேப்பால் அளந்தேன். பன்னிரண்டடி ஓர் அங்குலம்.

இதே தூண்தான், சத்தியம் பண்ணுவேன். அந்தக் கல்லில் கையை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். ரிவெட்டை எல்லாம் பார்த்தீர்கள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தீர்களா? லென்ஸ் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சுசீலா


கோவில்பட்டி
20.3.2025

சுசீலாவுக்கு,

உன் அலைச்சலுக்கு நன்றி. ஆனால் நீ பார்த்தது வேறு தூண். ஓரடிக்கு மேல் இடிக்கிறது. கல் வளரவும் செய்யாது, தேயவும் செய்யாது. அழுகை வந்தது என்பதை வைத்தெல்லாம் பாலத்தை அடையாளம் சொல்ல முடியாது. ஆதாரம் இருந்தால் சொல்.

லென்ஸ் வைத்தும் பார்த்தாயிற்று. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். யாராக இருந்தால் நமக்கென்ன? படம் எடுப்பாக இருப்பதால் புத்தகத்தின் அட்டைக்கு அதையே வைக்கிறோம். அந்தப் பெண் தூணின் அடிப்பக்கத்தை மறைக்கிறாள் என்பதுதான் குறை. கம்ப்யூட்டரில் அவளை அழித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

விழா மே 11. மற்றவர்களோடு நானும் கெஸ்ட் ஹவுஸில் தங்குகிறேன். டாலிகஞ்ச் வந்துபோக நேரம் இருக்காது போலிருக்கிறது. உன்னை அழைத்து வருவதை மழைக்காலம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம். இங்கே மாடிப்படி செங்குத்து, உன் மூட்டுக்கு ஆகாது.

இப்படிக்கு,
கு. குழந்தைவேலு
உதவிப் பொறியாளர், ஓய்வு


டாலிகஞ்ச்
3.4.2025

ஷோபனா அப்பாவுக்கு,

ஆதாரம் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் ஐந்தடி நாலு அங்குலம் இல்லை. நாலடி பத்து அங்குலம். கல்யாணமான புதிதில் அவளைக் குள்ளக் கத்தரிக்காய் என்று கூப்பிட்டது நீங்கள்தான்.

நம் கல்யாணம் முடிந்து நான் கப்பலேறி இங்கே வந்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஜீப்பில் கூட்டிப்போனீர்கள். பார்த்தால் பாலம் பார்க்கிற வேலை. விஜயன் மலேரியாவில் படுத்திருந்ததால் கேமரா உங்கள் கழுத்தில் தொங்கியது. அளவுக்கு நிறுத்த ஆள் இல்லை, நீ போய் நில் என்றீர்கள். கல்யாணத்துக்கு எடுத்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் அட்டைப்பூச்சி ஏற, ஓடைக்குள் இறங்கினேன். புருஷன் என்னை எடுக்கிற முதல் படம் என்று பல்லைக் காட்டிச் சிரித்தேன். "சிரிக்காதே, இது ஆபீஸ் படம்" என்றீர்கள். கண் சுருங்கியது வெயிலுக்கு இல்லை.

பிறகு ஒரு பிரதி கேட்டேன். ஆபீஸ் சொத்து, தர முடியாது என்றீர்கள். அதை விஜயன்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். உங்கள் கவரைப் பிரித்த அன்று, கடைசியில் என் மனுஷன் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேனே, அந்த அசட்டுத்தனத்தை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

அந்தப் படத்தை எடுத்தது நீங்கள். நிற்பது நான். முப்பது வருஷத்துக்கு மேல் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தும் யாரோ தோட்டத்து ஆள் என்றுதான் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தேன்.

பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன். மாடிப்படியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், நான் அதில் ஏறப்போவதில்லை. மழைக்காலம் முடிந்தும் இல்லை, எப்போதும் இல்லை. விழாவுக்கு வந்தால் வந்த வழியே போய்க்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களிடம் கேட்பது இதுதான் கடைசி. என்னை அழிக்காதீர்கள். படத்துக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள். எனக்கு அது போதும்.

சுசீலா


கோவில்பட்டி
21.4.2025

சுசீலாவுக்கு,

நாலடி பத்து அங்குலம் என்று வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டடி ஓர் அங்குலம் கச்சிதமாக வருகிறது. ஆக, பெரார்கஞ்ச் பாலமேதான். நண்பர்கள் எல்லோருக்கும் பரம திருப்தி.

கோபத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறாய். அந்த வருஷத்தில் நான் பார்க்காத பாலமா? எதையென்று நினைவு வைப்பது.

அந்தப் பெண்ணை அழிக்க வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன். அவள் நின்றால்தான் தூணின் உயரம் பார்க்கிறவர்களுக்குப் புரியும். பெயர் கேட்டிருந்தாய். அளவுக்கு நிற்பவர்களின் பெயரைப் போடும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

இப்படிக்கு,
கு. குழந்தைவேலு
உதவிப் பொறியாளர், ஓய்வு