அப்புறம் சொல்கிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா? நான் ஜோராக இருக்கிறேன்.

நேற்று என் ஓவியக் கண்காட்சி தொடங்கியது. பெரிய படத்தில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நீங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். காது கேட்காத நான் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். உங்கள் வாய்களை வெள்ளையடித்து மறைத்துவிட்டேன். கோபிக்காதீர்கள், உங்கள் மூக்கை அழகாகத்தான் வரைந்திருக்கிறேன்.

என்னைப் போன்ற நண்பர்கள் கூட்டமாக வந்து, கைகளாலேயே பேசிச் சிரித்து அரங்கத்தை இரண்டாக்கினார்கள். நடுவில் திருதிருவென்று விழித்த நிருபர் ஒருவர், "எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்று போனில் தட்டி என்னிடம் நீட்டினார். நம் வீட்டில் எனக்குக் கிடைக்கும் பதிலையே தட்டினேன்: "அப்புறம் சொல்றேன்." மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம் என்று உடனே முழுவதும் சொன்னேன். பிறகு என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

வீடியோவில் பேசும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். உங்கள் முகம் இருட்டாகத் தெரிகிறது, உதட்டசைவைப் படிக்க முடியவில்லை. பஸ் வந்துவிடும், ஓடுகிறேன்.

அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா ஏதோ சொல்ல, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்களே, அது என்னம்மா? இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

உங்கள் சின்ன மகள்