படகில் கயிறு பிடித்திருப்பவன்

கூப்பிட்டால் போனை எடுக்காத பழக்கத்தை இன்னும் விடாத என் அருமை மாப்பிள்ளை மெல்வினுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று பூசையில் ஃபாதர் சொன்னார். அவர் சொன்னால் சரிதான். நான் நலமாக இல்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நமக்குள் இருந்த சண்டையே அதுதான். ஒரு கதையை எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவதா, ஒளித்துவைத்துத் தேட விடுவதா?

ஊரில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. துறைமுகத்து ரோட்டில் லாரிகள் அதே மாதிரி வரிசை கட்டி நிற்கின்றன. மழை பெய்தால் நம் தெருவில் அதே இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. மாடி அறையில் அதே இரண்டு நாற்காலிகள். உன் நாற்காலியில் போன வாரம் மறதியாக என் ஈரத் துண்டைப் போட்டுவிட்டேன். போட்ட மறுநிமிடமே எடுத்து, துடைத்தும் வைத்தேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் வேலை செய்வது எனக்கு வரவே இல்லை, மாப்ளே. ஏதாவது பிழை வந்தால் "இங்கன பாருலே" என்று திரும்பிவிடுகிறேன். அப்புறம் கொஞ்ச நேரம் வேலை ஓடாது.

இந்தக் கடிதத்தை வேறு பலரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. "வெளக்கம் சொல்லாதலே, படிக்கவன் கண்டுபிடிச்சிக்கிடுவான்" என்று நீ கத்துவது கேட்கிறது. கத்து. இன்றைக்கு நான்தான் எழுதுகிறேன்.

நாம் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம். என் தங்கை ஜெசிந்தாவை நீ கட்டிய பிறகு நான் உனக்கு மச்சான். பகலில் நீ கப்பல் ஏஜென்சி ஆபீசில், நான் ஒரு கம்ப்யூட்டர் கடையில். மற்ற நேரமெல்லாம் அந்த மாடி அறையில் நாம் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். படம் வரைவது நீ, புரோகிராம் எழுதுவது நான். 'கல்லும் கயிறும்' என்று பெயர் வைத்தோம். முத்துக் குளித்த காலத்துக் கதை. காலில் கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறங்குகிற ஒருவனை ஆட்டக்காரர் இயக்க வேண்டும். சிப்பி எடுக்க வேண்டும். மூச்சு முடிவதற்குள் கயிற்றை அசைக்க வேண்டும். அசைத்தால் படகில் இருப்பவன் இழுத்துவிடுவான்.

அந்தக் காலத்தில் படகில் கயிறு பிடிக்கிறவன் யார் என்று நம் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். குளிக்கிறவனின் மச்சான். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி அறுக்கக்கூடாது என்று அவன்தானே கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பான்? வேறு யாரை நம்பி இறங்குவது?

இதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்றேன். நீ விடவில்லை. "மேல யாரு பிடிச்சிருக்காம்னு ஆடுதவனே தேடட்டும் மச்சான். தேடிக் கண்டுபிடிச்சா அது அவன் கத. நம்ம சொன்னா அது வெறும் நோட்டீசு" என்றாய். மூச்சு முடியும்போது திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரட்டும் என்று நான் வைத்ததையும் எடுத்துவிட்டாய். "அசைச்சா இழுப்பான். அசைக்கலைன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? அதான் விதி" என்றாய். அன்றைக்கு நான் கோபத்தில் டீ குடிக்கக்கூட உன்னோடு வரவில்லை.

நாம் விளையாடிய ஆட்டங்களிலும் இதே தகராறுதான். உனக்குப் பிடித்த ஆட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இடிந்த வீடு இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு சின்னச் செருப்பு கிடக்கும். ஒரு துருப்பிடித்த கத்தியை எடுத்தால் அதைப் பற்றி அரை வரி எழுதியிருக்கும். நீ அதை வைத்துக்கொண்டு அந்த ஊர் எப்படி அழிந்தது என்று ஒரு மணி நேரம் பேசுவாய். எனக்குப் பிடித்ததில் ராஜா வருவார், மந்திரி வருவார், யார் எதிரி, எதற்குச் சண்டை என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் கையில் வாளைக் கொடுப்பார்கள். அதை நீ "கல்யாண வீட்ல மைக்க பிடிச்சவன் பேச்சு" என்று கிண்டல் செய்வாய்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டே, நாம் எடுக்கிற முடிவுக்கு ஏற்பக் கதை மாறுவது. அதில் ஒரு வசதி. தப்பாகப் போய்விட்டால் முன்பு சேமித்துவைத்த இடத்திற்குப் போய் மறுபடி ஆடலாம். அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்று கிடைத்தால் எந்த இடத்திற்குப் போவேன்?

மாடிப்படி ஏறும்போது நீ பாதியில் நின்றாயே, அந்த நாளுக்குப் போவேன். "என்னலே?" என்று கேட்டதற்கு "கப்பல் வருதான்னு பாக்குதேன்" என்றாய். அந்த ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். நான் சிரித்துவிட்டு மேலே ஏறிப் போனேன். இன்னொரு நாள் பரோட்டாக் கடையில் நீ பாதியை என் இலைக்குத் தள்ளினாய். நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். நீ எல்லாவற்றையும் உன் பாணியில்தான் வைத்திருந்திருக்கிறாய். எடுத்துப் பார்க்கத் தெரியாத ஆளிடம் வைத்துவிட்டாய்.

ஆபீஸ் நாற்காலியிலேயே நீ சாய்ந்த பிறகு உன் லேப்டாப் பையை நானும் ஜெசிந்தாவும் திறந்தோம். சார்ஜருக்கு அடியில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு இருதயத்துக்கு உள்ளது என்றார். வெகுநாளாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்றார். ஜெசிந்தா அழவில்லை.

"கதைய ஒளிச்சி வச்சி வெளயாடத் தெரியுதுலா அவுகளுக்கு. பொண்டாட்டிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியலியே" என்றாள். அதோடு உன் பேச்சையே எடுப்பதை நிறுத்திவிட்டாள். மாடிப் பக்கம் வருவதில்லை. உன் போட்டோவுக்குப் பூ போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளை இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது, மாப்ளே. உன்னைப் பற்றிப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான்.

இதற்கு நடுவில் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. நம் ஆட்டத்தை அவர்கள் வெளியிடுவார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. தொடக்கத்தில் ஒரு குரல் வந்து கதையைச் சொல்ல வேண்டும், கயிறு பிடித்திருப்பது யார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் இத்தனை காலம் கேட்டது தானாக வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. உட்கார்ந்து எழுதியும்விட்டேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் வாசித்துக்காட்ட ஆள் இல்லை. நீ முகத்தைச் சுளிக்காமல் எனக்கு எப்படித் தெரியும் அது சரியா இல்லையா என்று? அனுப்பாமல் வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஜெசிந்தா நேரே மாடிக்கு ஏறி வந்தாள். உன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்படி என்னதான் செஞ்சிய ரெண்டு பேரும்? காட்டு" என்றாள்.

எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டிக்கொடுத்தேன். கல் அவளைக் கீழே கொண்டுபோனது. சிப்பி கிடப்பது அடியில். ஆடுகிற எல்லோரும் இறங்கியதும் கீழேதான் பார்ப்பார்கள். நானும் எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்திருக்கிறேன், கீழேதான் பார்த்திருக்கிறேன். உன் தங்கமான பெண்டாட்டி சிப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயந்துபோய் அண்ணாந்து மேலே பார்த்தாள்.

மேலே படகின் அடிப்பக்கம் தெரிந்தது. அதன் விளிம்பில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை.

"ஏண்ணே," என்றாள். "இது ஒன் கைதானே?"

நான் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. சின்ன வயதில் ஜெசிந்தா கதவைச் சாத்தி நசுக்கிய அதே விரல். நகத்தின் பிளவைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். எப்போது வரைந்தாய்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துப் பார்த்தா வரைந்தாய்? நான் கண்டுபிடிப்பேன் என்று எத்தனை நாள் காத்திருந்தாய்?

அதற்குள் திரை இருண்டுவிட்டது. நாங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கயிற்றை அசைக்க மறந்துவிட்டோம். மூச்சு முடிந்து ஆட்டம் முடிந்திருந்தது.

ஜெசிந்தா அப்போதுதான் அழுதாள். நீ போனதற்குப் பிறகு முதல் தடவையாக, சத்தமாக அழுதாள். "கயிறு ஒன் கைலதாண்ணே இருந்திருக்கு. அவுகளுக்கும் அது தெரிஞ்சிருக்கு. அசைக்கத்தான் இல்ல" என்றாள். எனக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் அந்த அறையில் உட்கார்ந்து ஒரு பாடு அழுது தீர்த்தோம். அப்புறம் அவள் கீழே போய் டீ போட்டுக்கொண்டுவந்து, உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். திட்டத்தான் செய்தாள். ஆனாலும் எனக்குக் கேட்கச் சுகமாக இருந்தது.

பேச்சுவாக்கில் எனக்கும் அடிக்கடி நெஞ்சு பிடிக்கிறது என்று சொல்லிவிட்டேன். மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் நெஞ்சைச் சோதிக்க வைத்தாள். வெறும் வாயுதானாம். "எதுன்னாலும் வாயத் தொறந்து சொல்லிரணும், கேட்டியா?" என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வீட்டில் இனி என் பாணிதான், மாப்ளே. வலித்தால் வலிக்கிறது என்று சொல்வோம். மனசு உன்னைத் தேடுகிறது என்றால் தேடுகிறது என்று சொல்வோம்.

ஆட்டத்தில் உன் பாணிதான். தொடக்கத்தில் குரல் வராது என்று பெங்களூருக்குச் சொல்லிவிட்டேன். யோசிக்கிறோம் என்றார்கள், இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் போகட்டும். அண்ணாந்து பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் மாற்றப்போகிறேன். நீ வைத்த விதி அது, அதனால் உன்னிடம் கேட்காமல் மாற்ற மனம் வரவில்லை. இவ்வளவு நீளமாக எழுதியதே அதற்குத்தான். இனிமேல் குளிக்கிறவன் கயிற்றை அசைக்காவிட்டாலும், மூச்சு முடிகிற நேரத்தில் மேலே இருக்கிற கை இழுத்துவிடும். எச்சரிக்கை எழுத்து வராது. யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள். நீ சொன்ன மாதிரியே ஒரு விளக்கமும் இருக்காது. ஆனால் நம் ஆட்டத்தில் இனி ஒருத்தனும் கீழேயே தங்கிவிட மாட்டான். இது சத்தியம்.

இன்னும் கயிற்றை விடாத,
கோணச் சுண்டுவிரல்காரன்,
உன் மச்சான்
ரெஜிஸ்