பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது நீங்கள்

என் பிரியமுள்ள மாயாண்டி அண்ணே,

உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. மத்தியானங்களில் கார் ஷெட்டுக்குள் வந்து பத்திரிகையை நான்தான் படித்துக் காட்டுவேன். இந்தக் கடிதத்தை உங்களுக்கு யார் படித்துக் காட்டுவது? ஊர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள். வண்டி பிழைத்துக்கொண்டது. மட்கார்டை நிமிர்த்தி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, உடைந்த கண்ணாடியை மாற்றி, போன வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொண்டது. லைசென்ஸ் உள்ள டிரைவர்தான் ஓட்டினான் என்று அப்பா எழுதினார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா மதுரையில் வக்கீல். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் காரில் கோர்ட்டுக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜட்கா வண்டியில் வருகிற வக்கீலைக் கட்சிக்காரன் மதிக்க மாட்டான் என்றார். மதராஸிலிருந்து கம்பெனிக்காரன் அனுப்பிய படங்களைக் கூடத்து மேஜையில் பரப்பிக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார். சாதாரணக் கம்பெனியில் நல்ல வண்டியே கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை. ராஜாக்களும் ஜமீன்தார்களும் வாங்குகிற கம்பெனியில், இருப்பதற்குள் விலை குறைந்த வண்டியாகப் பார்த்து வாங்கினார். நாலு பக்கமும் கண்ணாடி ஏற்றிய மூடு வண்டி. "முன்னால இருக்கிற முத்திரை ஒண்ணுதானேடா? உள்ள எதைக் குறைச்சிருக்கான்னு தெருவுல நிக்கிறவனுக்கா தெரியப்போகுது?" என்று என்னிடம் சொன்னார்.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்களிடம் டிரைவராக வருவதற்கு முன் கல்லுப்பட்டி ரோட்டில் ஆறு வருஷம் பஸ் ஓட்டியவர் நீங்கள். வண்டி வந்த அன்று, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வெறும் தகடு வைத்து அடைத்திருந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்து, "ஐயா, இந்த எடத்துல கடியாரம் வரணும். பெரிய வண்டியில எல்லாம் இருக்கும்" என்றீர்கள். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "ஒன் வேலை ஓட்டுறது" என்றார். அந்தத் தகட்டின் மேல் சந்தனத்தை அப்பி மறைக்கச் சொன்னார். அன்று உங்களுக்குப் பொங்கல் வந்து சேரவில்லை. வண்டியை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. வாசலுக்கு வந்து உங்களுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்பா எதிரில் உங்களை "மாயாண்டி" என்றும் "நீ" என்றும் கூப்பிட்டேன். தனியாக இருக்கும்போது அண்ணே என்றேன். காலேஜை முடித்துவிட்டுச் சமத்துவம் பேசிக்கொண்டு திரிந்தவன் நான். என் சமத்துவம் ஷெட்டுக்கு வெளியே வந்ததே இல்லை.

வண்டி வந்ததிலிருந்து எனக்கு ஒரே வெறி, ஓட்ட வேண்டும். அப்பா சம்மதிக்கவில்லை. வக்கீல் மகன் தானே கார் ஓட்டினால் டிரைவர் வைக்க வக்கில்லை என்று ஊர் சொல்லுமாம். உங்களைத்தான் நச்சரித்தேன். நீங்கள்தான் வழி சொன்னீர்கள்.

"என் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கங்க சின்னவரே. காக்கி போட்டவன் மூஞ்சிய ஒரு பய பாக்க மாட்டான்."

"தெரிஞ்சவங்க எதிர்ல வந்தா?"

"வரட்டும். அவுகளும் வண்டியப் பாப்பாக, பின்னால யாரு இருக்கான்னு பாப்பாக. நாலு மாசமா இந்த வாசல்ல நிக்கிறேன், இந்தத் தெருவுல எவனாச்சும் எனக்கு மூக்கு எப்படி இருக்குன்னு சொல்லிருவானா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது அண்ணே?

நீங்கள் சொன்னபடியே நடந்தது. அப்பாவை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் சமயநல்லூர்ப் பக்கம் போவோம். உங்கள் காக்கியில் நான் முன்னால். என் வெள்ளை ஜிப்பாவில் நீங்கள் பின்னால். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் எதிரே வந்தார், என்னைக் கடந்து உங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நீங்களும் கும்பிட்டீர்கள். வண்டி முழுவதும் உங்கள் சிரிப்புதான்.

தினமும் அந்தப் பின்சீட்டின் வெள்ளை உறையைத் தட்டி, துடைத்து, சுருக்கம் எடுத்தவர் நீங்கள். முதல் நாள் அதன் நுனியில் உட்கார்ந்தீர்கள், பஸ் பலகையில் உட்காருவது போல. "நல்லாச் சாஞ்சு உக்காருங்கண்ணே" என்றேன். சாய்ந்தீர்கள். உறையைக் கையால் தடவிப் பார்த்தீர்கள். பிறகு, "அடேயப்பா, இம்புட்டு சொகமாவாய்யா போறாக எல்லாரும்?" என்றீர்கள். அதற்கப்புறம் உங்களுக்குக் குளிர் விட்டுப்போயிற்று. "ஏ டிரைவர், மொதலாளிக்குக் குலுங்குது. பாத்துப் போ. சம்பளத்தப் பிடிச்சிருவேன்!"

அந்தக் கடைசி நாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். நான் வேகத்தைக் கூட்டினேன். உங்கள் குரல் மாறியது. "சின்னவரே, மெதுவா. முன்னால மாட்டுவண்டி." பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இடது பக்கம் ஒதுங்கிவிடலாம் என்று நினைத்தேன். வண்டிக்காரர் மாட்டை அதே பக்கம் ஒடித்தார். பிரேக்கை மிதித்தேனா, மிதிக்கவில்லையா, இன்று வரை எனக்குத் தெரியவில்லை. கார் மாட்டுவண்டியின் சக்கரத்தை இடித்து, புளியமரத்தில் உரசி, வாய்க்காலில் சரிந்தது.

வண்டிக்காரர் தன் வண்டிக்கு அந்தப் பக்கம் கால் முறிந்து கிடந்தார். வயற்காட்டிலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு வருவது தூரத்தில் கேட்டது. எனக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தீர்கள். ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தீர்கள்.

"கோட்டக் கழட்டுங்க. சீக்கிரம். ஒங்களுக்கு லைசென்ஸ் கெடையாது."

"அண்ணே, மொதல்ல ஒங்களுக்கு..."

"எனக்கு ஒண்ணுமில்ல. விலாவுல லேசாப் பிடிச்சிருக்கு. ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவேன். ஐயா திட்டுவாரு, வாங்கிக்கிறேன். கழட்டுங்கன்னா!"

கழற்றினேன். ஜிப்பாவுக்கு மேலேயே உங்கள் கையைத் தூக்கி அந்தக் கோட்டுக்குள் நுழைத்தது நான்தான். நீங்கள் பல்லைக் கடித்ததைப் பார்த்துக்கொண்டே நுழைத்தேன். விலா எலும்பு உள்ளே ஒடிந்து கிடந்தவருக்குக் கோட்டு மாட்டினேன் அண்ணே. ஆட்கள் வந்து சேர்ந்தபோது தொப்பி உங்கள் தலையில் இருந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். "வண்டிக்கு ரொம்ப அடியா? ஐயா என்ன சொன்னாரு?" நான் பொய் சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லை என்று. மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள்.

நீங்கள் கொடுத்தது இரண்டு நாளைக்கான பொய். நீங்கள் எழுந்து வருகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்று கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் மேலே மேலே கட்டிவிட்டோம்.

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "செத்தவனை எவனும் ஜெயில்ல போட முடியாது. நீ உயிரோட இருக்கே. இனிமே இதை என்கிட்டகூடச் சொல்லாதே" என்றார். அதோடு விட்டிருந்தால்கூட என்னவோ. உங்களிடம் கள் வாடை அடித்தது என்று அப்பாவின் குமாஸ்தா ஒரு வாக்குமூலம் தயார் செய்தார். அதில் இரண்டு பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எதற்கு இது என்று கேட்டேன். "டிரைவர் குடிச்சிருந்தா மொதலாளி மேல ஒண்ணும் வராது" என்றார் அப்பா, சட்டம் படித்தவர்.

கால் முறிந்த வண்டிக்காரரைப் போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க பின்னால உக்காந்திருந்தீகளே தம்பி, ஒங்களுக்கு அடிகிடி படலயே?" என்றார். மோதுவதற்கு முன்னால் அவரும் நானும் நேருக்கு நேர் பார்த்தோம். அவர் கண் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவருக்கு என் முகம் தெரியவில்லை. "காக்கிக்காரன்தான் கண்ணுமண்ணு தெரியாம வந்தான்" என்று எல்லாரிடமும் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை அண்ணே. பார்த்ததைத்தான் சொல்கிறார்.

காரியம் முடிந்த மறுநாளே உங்கள் மனைவி பேச்சியம்மா மதினியை ஷெட்டுக்குப் பின்னால் நீங்கள் குடியிருந்த அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். புது டிரைவருக்கு வேண்டுமாம். மதினி இப்போது செல்லூரில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறது. தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறது. அங்கேயும் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. குடிகாரன் பொண்டாட்டி என்கிறார்கள். குழாயடியில் ஒருத்தி, "ஒம் புருசன் தானும் செத்து, ஒரு ஏழையோட காலையும் ஒடச்சிட்டுப் போனானே" என்றாளாம். மதினி குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டது.

போன மாதம் அது என்னைத் தேடி வந்தது. வாசலுக்குள் நுழையவில்லை, தெருவிலேயே நின்று கேட்டது. "ஒங்களோடதானே சின்னவரே வந்தாக? அவுக குடிச்சிருந்தாகளா? ஆமான்னாலும் சொல்லுங்க, தாங்கிக்கிறேன். கட்டுன எனக்கே தெரியாம இத்தன வருசம் இருந்திருக்காகளேன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலையே" என்றேன். ஒரு வார்த்தை. அன்றிலிருந்து நான் மனுஷனாகத் தூங்கவில்லை. உங்களை ஒருமுறை கொன்றது போதாதென்று, மதினியின் மனசுக்குள்ளும் புகுந்து கொன்றுவிட்டேன்.

நேற்றுக் காலை செல்லூருக்குப் போனேன். மதினி முற்றத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு, தொப்பி, ஜிப்பா, எல்லாம். ராட்டினம் நின்றது. அடிக்கும் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கையிலிருந்த நூலைக் கீழே வைத்துவிட்டு, "பின்னாலயா உக்காந்திருந்தாக?" என்று மட்டும் கேட்டது.

"ஆமா மதினி. சாய்ஞ்சு உக்காந்திருந்தாக."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. பிறகு எழுந்து நின்று என்னை நேராகப் பார்த்தது. "எங்கிட்ட வந்து சொல்லி என்னய்யா செய்ய? என்னைய எவன் நம்புவான்? பேசுனவுக காதுல விழுற மாதிரி சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா இந்தப் பக்கம் இனி வராதீக."

வருகிற திங்கட்கிழமை மரண விசாரணை. முக்கிய சாட்சி நான். பின்சீட்டில் இருந்தவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியதை அப்பா எழுதிக் கொடுத்து, மூன்று தடவை ஒப்பிக்கவும் வைத்துவிட்டார். அந்தக் காரில்தான் என்னை அழைத்துப்போகப் போகிறார். பயமாக இருக்கிறது அண்ணே. ஜெயிலை நினைத்தும் பயம், அப்பாவின் முகத்தை நினைத்தும் பயம். கூண்டில் ஏறியதும் அந்த ஒப்பித்த பாடமே வாயில் வந்துவிடுமோ என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். விசாரணைக்கு முந்தின நாள் இது அச்சில் வந்துவிடும். பத்திரிகாசிரியரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நானே அழுது கேட்டாலும் திருப்பித் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இனி நான் பின்வாங்க நினைத்தாலும் செல்லூரில் யாராவது ஒருவர் இதை மதினிக்கு வாசித்துக் காட்டிவிடுவார்.

திங்கட்கிழமை கூண்டில் ஏறி, கால் முறிந்த அந்த மனிதரைப் பார்த்து, என் முகத்தை நன்றாகப் பார்க்கச் சொல்வேன். காரை ஓட்டியது நான், மாயாண்டி அண்ணன் கள் குடித்ததில்லை, அவர் மெதுவாகப் போகச் சொன்னார், நான் கேட்கவில்லை என்று சொல்வேன். அவர்கள் கொடுக்கும் தண்டனையை வாங்கிக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் சாவுக்குப் பொறுப்பான தம்பி,
சுந்தரம்